வளரறி மதிப்பீடும் நாமும்

‘தேர்வு’ என்றாலே நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. ஆனால் கற்பதற்குத் துணை நிற்கும் தேர்வும் உண்டு. பாடம் முடிந்தபின் எவ்வளவு கற்றோம் என்று அளப்பது தொகுத்தறி மதிப்பீடு. பாடம் நடக்கும்போதே எங்கே இடறுகிறோம் என்று கண்டு திருத்துவது வளரறி மதிப்பீடு. 1967-இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்னும் அறிஞர் இவ்வேறுபாட்டைப் பெயரிட்டுக் காட்டினார். பெஞ்சமின் புளூம் அதனை மாணவர் கற்றலுக்குப் பொருத்தினார்.

உழவர் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது எளிதில் விளங்குகிறது. களத்தில் நெல்லை அளப்பதால் விளைச்சல் கூடாது. பயிர் மஞ்சளிக்கும்போதே வரப்பில் நின்று பார்த்து உரமிட்டால்தான் கூடும்.

தமிழகப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டில் இம்முறை எட்டாம் வகுப்பு வரை வந்தது. வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 மதிப்பெண்கள். கடையில் வாங்கிய படங்களை ஒட்டியே அந்த நாற்பதில் பெரும்பகுதியை நாங்கள் பெற்றோம். என்ன புரிந்தது என்று எவரும் கேட்கவில்லை.

கல்லூரியில் முதல் அகத்தேர்வில் தோற்றேன். விடைத்தாளில் சிவப்பு மையில் ஓர் எண் மட்டும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கே தவறினேன் என்று வீட்டில் கேட்க ஆளில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

பின்னர் ஒரு விரிவுரையாளர், வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் துண்டுத்தாளில் ஒரே ஒரு கணக்கைச் செய்யச் சொன்னார். 0.1 மோலார் கந்தக அமிலம் 20 மி.லி. இருக்கிறது; அதை முழுதும் நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு வேண்டும்? நான் 20 மி.லி. என்று எழுதினேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. மதிப்பெண் இல்லை. “இவ்வமிலத்தின் ஒரு மூலக்கூறு எத்தனை ஹைட்ரஜன் அயனிகளைத் தரும்?” என்ற கேள்வி மட்டுமே இருந்தது. இரண்டு! ஆகவே விடை 40 மி.லி. நான் தோற்ற கணக்குகள் யாவும் இந்த ஒரு முடிச்சில்தான் சிக்கியிருந்தன. வகுப்பில் பலரும் அதே தவறைச் செய்திருந்ததால், அவர் அப்பகுதியை மீண்டும் வேறு விதமாக நடத்தினார்.

அறுபது பேர் தாளைத் திருத்த நேரமேது எனலாம். துண்டுத்தாளுக்கு மதிப்பெண் வேண்டாம். சரி, தவறு என இரண்டு கட்டாகப் பிரித்தாலே நாளைய பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மாணவ நண்பர்களே, அடுத்தவரைப் பார்த்து எழுதிய சரியான விடை நம் நோயை மறைத்துவிடும். நம் தவறை நாமே எழுதுவோம். பேராசிரியப் பெருமக்களே, எண்ணோடு ஒரு வரியும் எழுதுங்கள். அந்த ஒரு வரி எங்களில் ஒருவரைக் கல்லூரியிலேயே நிறுத்தி வைக்கக்கூடும்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)