மலையேறிய நாளில் ஒரு லுஹர்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் இருக்கும்போது சுவனமும் நரகமும் கண்ணெதிரே நிற்பதாக உணர்ந்தவர் ஹன்ளலா (ரலி) அவர்கள். வீடு திரும்பி மனைவி மக்களோடு கலந்ததும் அந்நிலை மறையவே, தாம் முனாபிக் ஆகிவிட்டோமோ என்று நடுங்கினார்கள். அதற்கும் நேரம் உண்டு, இதற்கும் நேரம் உண்டு என நாயகம் (ஸல்) அவர்கள் தேற்றியது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

இதைச் சொல்லித்தான் சேலத்து நண்பர்கள் நம்மை ஏற்காட்டு மலைக்கு இழுத்துச் சென்றார்கள். ஐவரும் பஸ்ஸை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். மேடேறும்போது தக்பீரும், இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உண்டு. நாமும் சொல்லிக்கொண்டே ஏறினோம். மூச்சிரைக்கும்போது சொல்லும் தக்பீர் நெஞ்சின் அடியிலிருந்து வருகிறது. மாதக்கணக்கில் கடைக் கணக்கோடு புதைந்து, தொழுகையிலும் வரவு செலவு பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அது புதிதாயிருந்தது.

லுஹர் நேரம் வந்தது. ஐவருக்கும் மிஞ்சியது ஒரே பாட்டில் தண்ணீர். “நாம் முஸாபிர்கள்தானே! அஸரோடு சேர்த்துச் சுருக்கித் தொழலாம்” என்றார் ஒரு நண்பர். கால் கடுத்திருந்த நமக்கும் அது இனிக்கத்தான் செய்தது.

ஆனால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கஸ்ருக்கு ஹனபி மத்ஹபில் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் 80 கிலோமீட்டருக்கும் மேல். ஹனபிகளுக்கோ ஹஜ்ஜில் அரபாவிலும் முஸ்தலிபாவிலுமன்றிச் சேர்த்துத் தொழுவதே இல்லை. எவ்வளவு களைத்தாலும் நாம் ஊர்க்காரர்களே.

ஒளுவின் நிலை வேறு. குடிக்கத் தேவைப்படும் நீரை வைத்துக்கொண்டு தயம்மும் செய்ய அனுமதி உண்டு. ஆனால் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். தயம்முமுக்கு ஷாபிஈகளுக்குப் புழுதியுள்ள மண் தேவை. ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். ஹனபிகளுக்குப் பாறையும் ஆகும்; முறியும்வரை ஒன்றே போதும். தேடினோம். காப்பித் தோட்டத்துக் குடிசையிலிருந்த ஒரு மூதாட்டி, கேட்டதும் குடத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். ஐவரும் ஒளுச் செய்த பின்னும் அரைக்குடம் மிச்சமிருந்தது. (வீட்டுக் குழாயடியில் நாம் கொட்டுவதை எண்ணி வெட்கப்பட்டோம்.)

பாங்கு சொல்லக் கூசினோம். இந்தக் காட்டில் யார் கேட்பது? ஆட்டையும் காட்டையும் விரும்பிய ஒருவரிடம், குரலை உயர்த்திப் பாங்கு சொல்லும்படி அபூ ஸயீத் (ரலி) அவர்கள் கூறியதும், அதைக் கேட்ட ஜின்னும் மனிதரும் மற்ற பொருள்களும் மறுமையில் சாட்சி சொல்லும் என்றதும் நினைவுக்கு வந்தன. நம்மில் இளையவர் பாறைமேல் நின்று சொன்னார். எதிர்ச்சரிவு எதிரொலித்தது.

மேற்கிலிருந்து சற்று வலப்புறம் திரும்பி, நான்கு ரக்அத்தையும் நிறைவாகத் தொழுதோம். கடையின் நினைவு ஒருமுறைகூட வரவில்லை. முஸாபிர் என்று வாதிட்ட நண்பர்தான் துஆவில் கடைசிவரை கையேந்தியிருந்தார். குடத்தை எடுக்க வந்த மூதாட்டி, தொழுது முடியும்வரை ஓரமாய் நின்றிருந்தார். கொண்டுபோன பேரீச்சம்பழத்தில் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு, தஸ்பீஹுடன் இறங்கினோம். ஊர்ப் பள்ளிவாசலில் அஸருக்கு முதல் ஸப்பிலேயே இடம் கிடைத்தது.