ஆய்வுத் திட்டவரைவும் அதன் திருத்தமும்

கல்லூரி மாணவர் எழுதும் ஆய்வுத் திட்டவரைவின் முதற்படியில் பெரும்பாலும் தலைப்பே பெரிதாக இருக்கும், வினா இராது. ‘ஊரக வேலை உறுதித் திட்டமும் வறுமை ஒழிப்பும்’ என்பது அத்தகையது. ஆறு திங்களில், தனியொருவர், எதை அளந்து இதற்கு விடை காண இயலும்?

2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை செய்த 15 நாட்களுக்குள் கூலி வழங்கப்படவேண்டும் என விதித்தது. அக்கெடு ஓர் ஊராட்சியில் காக்கப்பட்டதா என்று தலைப்பைக் குறுக்கினால் வினா பிறக்கிறது. ஆயினும் ‘தாமதம்’ என்ற சொல்லை வரையறுக்கும்போதுதான் உண்மையான திருத்தம் தொடங்குகிறது. அலுவலகம் நிதி மாற்று ஆணை பிறப்பித்த நாளுடன் கணக்கை முடித்தால் தாமதம் குறைவாகத் தோன்றும். கூலி தொழிலாளியின் வங்கிக் கணக்கில் சேர்ந்த நாள்வரை எண்ணினால் அதுவே நீளும். இவ்வேறுபாடு 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் ஆராயப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் அரிசிக்குக் கடன்பட்டவருக்குப் பின்னைய நாளே பொருளுடையது.

எனவே வரைவில் இரு நாட்களும் தனித்தனியே இடம்பெற வேண்டும். முன்னையது அலுவலகப் பதிவுகளில் கிடைக்கும் (அவ்வாறு எழுதுமுன் ஒருமுறை சென்று பார்த்துவிடுதல் நன்று). பின்னையதற்கு வங்கிக் கணக்குப் புத்தகமே சான்று. பதிவிடப்படாத புத்தகங்களை விலக்கிவிட்டால், வங்கிக்கு அருகில் வாழ்வோரே மாதிரியில் மிகுவர்; அவற்றைப் பதிவிட்டுப் பெறுவதற்கான நாட்களும் பயணச் செலவும் மதிப்பீட்டில் சேர்க்கப்படவேண்டும்.