வேண்டாத செடியை வெட்டாதீர்கள், இடம் மாற்றுங்கள்

ஓசூரில் வீட்டை நீட்டவோ கார் நிறுத்தவோ இடம் தேடினால், முதலில் வெட்டுப்படுவது வாசலோரச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும்தான். ‘பழைய செடி பிழைக்காது, நர்சரியில் கன்று மலிவு’ என்பார்கள். கன்றின் விலையில் பல ஆண்டு வளர்ச்சி அடங்காது. இடம் மாற்றிய செடி பெரும்பாலும் வயதால் சாவதில்லை. வெட்டுப்பட்ட வேரால் பழைய அளவு இலைகளுக்கு நீர் தர முடியாமல்தான் வாடுகிறது. கிளைகளையும் குறைத்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் மிதமான வெயில் இதற்குத் துணை. வெப்பம் கூடிய கிருஷ்ணகிரியில் மழைக்காலம்வரை காத்திருங்கள். முதல்நாள் நன்றாக நீர் ஊற்றி, மறுநாள் மாலையில் மூன்றில் ஒரு பங்கு கிளைகளை நறுக்குங்கள். தண்டின் தடிமனைப் போல் 10 மடங்கு அகலத்துக்கு வட்டமாகத் தோண்டி, வேர்மண் உதிராமல் ஈரச் சாக்கில் கட்டுங்கள். பழைய ஆழத்திலேயே நட்டு, சில வாரம் நிழலும் நீரும் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் இடம் இல்லையென்றால் பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் எல்லாச் செடியையும் கொடுக்கலாமா என்றால், கூடாது. உண்ணிச்செடியின் பழங்களைத் தின்னும் பறவைகள் விதையைக் காடுவரை கொண்டுபோகும். அதை வேரோடு அழிப்பதே சரி. அரளி முழுவதும் நஞ்சு. குழந்தைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீட்டுக்குத் தராதீர்கள், புகையும் தீங்கு என்பதால் எரிக்கவும் வேண்டாம். மற்றவற்றுக்கு, கடப்பாரை எடுக்கும் முன் பக்கத்துத் தெருவிலும் பள்ளியிலும் ஒருமுறை கேளுங்கள். உங்களுக்கு இடைஞ்சலான செடிக்கு அங்கே இடம் இருக்கலாம்.