பாக்கெட்டுக்கு முன்னால் பத்திரம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதமும், கூடவே வைத்திருந்த பாக்கெட் மாதிரியும் கிடைத்தன. சிவப்பும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சடிக்கிறவரிடம் இன்னும் சரி என்று சொல்லிவிடாதே. சாம்பார் பொடி, வத்தல் பொடி, இட்லிப் பொடி என்று மூன்று சரக்கு, நீயும் உன் தோழியும் பாதிப் பாதி, வீட்டுப் பின்கட்டில் அரவை மெஷின், அடுத்த மாதம் ஆரம்பம் என்றெல்லாம் எழுதிவிட்டு, “லைசென்ஸ் விஷயத்தைத் தொழில் ஓட ஆரம்பித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள், சரிதானே அத்தை?” என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை, தாயி. அதற்காகப் பயந்துபோய் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பதிந்துகொள்ள ஓடவும் வேண்டாம். மதுரையில் ஆடிட்டர் ஆபீசில் இத்தனை வருஷம் உட்கார்ந்து பார்த்ததில், சின்னத் தொழில் செய்கிறவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது வரிசை தெரியாமல்தான். ஒரு காகிதத்தை வைத்துத்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். அதை முன்பின்னாகச் செய்தால் செலவு இரட்டிப்பு.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது, இது யாருடைய தொழில் என்பதை. நீ மட்டும் நடத்தினால் அது தனியுரிமை. அதற்கென்று தனிச் சட்டமோ தனிப் பதிவோ கிடையாது. உன் பான் கார்டுதான் தொழிலின் பான் கார்டு. லாபம் முழுக்க உனக்கு, கடனும் முழுக்க உனக்கு. வத்தல் மண்டியில் வைத்த பாக்கிக்கு உன் நகையும் பொறுப்பாகும். இரண்டு பேர் சேர்ந்தால் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் உள்ளே வந்துவிடும். பத்திரம் எழுதினால்தான் கூட்டாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பிரித்துக்கொள்வதென்று வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டாலே நீங்கள் கூட்டாளிகள்தான். அப்புறம் ஒருத்தி தொழிலுக்கென்று வாங்கிய கடனுக்கு மற்றவளிடமும் முழுப் பணத்தையும் கேட்கலாம். பாதிப் பங்கு என்பதால் பாதிக் கடன் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உன் தோழி மூன்று லட்சம் போடுகிறாள், நீ கைப்பக்குவமும் உழைப்பும் போடுகிறாய் என்றாய். இதை எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. முதல் எவ்வளவு போட்டிருந்தாலும் லாபம் சமபங்கு. தொழிலைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை. அதாவது நீ காலை நான்கு மணிக்கு எழுந்து மல்லி வறுத்தாலும் உன் தோழிக்கு என்ன பங்கோ அதேதான் உனக்கும். கூட்டாளிகளில் ஒருவர் இறந்துவிட்டால், வேறு மாதிரி எழுதிவைக்காத வரை, நிறுவனமே கலைந்துவிடும். ஆகவே பத்திரத்தில் இதெல்லாம் இருக்கட்டும்: யார் எவ்வளவு முதல், உனக்கு மாதச் சம்பளம் என்ன, காசோலையில் யார் கையெழுத்து, எவ்வளவுக்கு மேல் கடன் வாங்க இருவரும் ஒப்ப வேண்டும், ஒருத்தி கல்யாணமாகியோ வெளியூர் வேலை கிடைத்தோ விலகினால் பணம் எப்படித் திரும்பும், பெயர் யாருக்கு, பொடிப் பக்குவம் யாருக்கு. கேட்கச் சங்கடமாக இருக்கும். நட்பு நன்றாக இருக்கிற இப்போதே கேட்டுவிடு. மனஸ்தாபம் வந்தபின் கேட்டால் அது சண்டை.

பத்திரத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியவும் வேண்டும். சட்டப்படி அது கட்டாயமில்லை. ‘கட்டாயமில்லை’ என்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் ஆபீசுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். எண்ணெய் வியாபாரம் செய்த இரண்டு நண்பர்கள், நல்ல கணக்கு, நல்ல சரக்கு. மொத்த வியாபாரி ஒருவர் பெரிய தொகையை நிறுத்திவிட்டார். வக்கீல் கேட்ட முதல் கேள்வியே ‘நிறுவனம் பதிவாகியிருக்கிறதா’ என்பதுதான். பதியாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியார் மேல் வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வியாபாரிக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி., ஒருநபர் கம்பெனி என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உன் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்பது நிஜம். ஆனால் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருஷா வருஷம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் அபராதம் ஏறும். மூன்று பொடிக்கு இப்போது அது வேண்டாம். என் யோசனை கேட்டால், முதல் வருஷம் தனியுரிமையாக நீ நடத்து. தோழியின் மூன்று லட்சத்தைக் கடனாக எழுதி வாங்கிக்கொள். அவளும் வேலைக்கு வருவதாக இருந்தால் மட்டும் கூட்டாண்மை.

அடுத்தது இடம். வீட்டு மின் இணைப்பில் அரவை மெஷினை ஓட்டாதே. ஒரு காரியத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வருகிறது; கண்டுபிடித்தால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். குடிசை, குறுந்தொழில்களுக்கென்று மின்வாரியத்தில் தனிக் கட்டண வகையே இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு. வீடு உங்க அப்பா பெயரில் இருப்பதால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதமும் வீட்டு வரி ரசீதும் வாங்கி வைத்துக்கொள். எங்கே போனாலும் இந்த இரண்டையும் கேட்பார்கள். நகராட்சியில் தொழில் உரிமம் ஒன்று, தொழில் வரி வேறொன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி கட்டிய ரசீதைக் காட்டி ‘லைசென்ஸ் இருக்கிறதே’ என்று வாதாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரி ரசீது உரிமம் ஆகாது.

மெஷின் வாங்க வங்கிக் கடன் யோசனை இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்விட்டு வா. புதுத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியம் உண்டு; வேறு திட்டங்களும் அங்கே சொல்வார்கள். இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் புதிதாகத் தொடங்குகிற தொழிலுக்குத்தான். கைக்காசில் மெஷினை இறக்கி ஓட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் ‘இது ஏற்கெனவே நடக்கிற தொழில்’ என்று திருப்பிவிடுவார்கள். மானியம் என்றால் கையில் எண்ணித் தருகிற பணம் என்றும் நினைக்காதே. பிரதமர் வேலை உருவாக்கும் திட்டத்தில் அது மூன்று வருஷம் வங்கியில் வைப்பாகக் கிடந்து, பிறகுதான் கடனில் கழியும்.

இனி சரக்கு. சாப்பிடுகிற பொருள் என்பதால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்கக் கூடாது. தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன் என்பதும் விற்பனைதான். உன்னைப் போன்ற சின்ன அளவுக்குப் பதிவு போதும், விற்றுமுதல் வளர்ந்தால் உரிமம். விண்ணப்பம் இணையத்தில்தான், கட்டணம் சொற்பம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பார்க்க வந்தால் தண்ணீர், வறுக்கிற இடம், வேலை செய்கிறவர்களின் மருத்துவச் சான்று இவற்றைக் கேட்பார். கிடைக்கிற 14 இலக்க எண் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

இப்போது உன் பாக்கெட் மாதிரிக்கு வருகிறேன். அந்த எண்ணுக்கு நீ இடமே விடவில்லை. ‘100 சதவீதம் சுத்தம்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறாய். லேபிளில் அந்த மாதிரி நூறு சதவீதப் பேச்சு வேண்டாம் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025-இல் சொல்லியாகிவிட்டது. ‘சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்’ என்று இட்லிப் பொடியில் எழுதியதை முதலில் எடு. உணவு நோயைத் தீர்க்கும் என்று சொல்வது சட்டப்படி குற்றம், அது உண்மையும் இல்லை. சாம்பார் பொடியின் சேர்மானப் பட்டியலில் ‘பெருங்காயம்’ என்று ஒற்றை வார்த்தை இருக்கிறது. நாம் கடையில் வாங்குவது கூட்டுப் பெருங்காயம். அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், ஆகவே ‘கோதுமை உள்ளது’ என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். இதைப் பெரிய கம்பெனிக்காரர்கள் மறப்பதில்லை, வீட்டுத் தயாரிப்புக்காரர்கள்தான் மறக்கிறார்கள். வத்தல் பொடிக்கு ‘ராமநாதபுரம் முண்டு’ என்று பேர் வைத்திருப்பதும் சிக்கல். அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதிகாரபூர்வப் பயனராகப் பதிந்துகொள்ளாமல் அந்தப் பெயரை விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது. விருதுநகரில் இருந்துகொண்டு நல்ல வத்தலுக்கு வேறு பெயரா கிடைக்காது?

மேலே சொன்னதில் பெரும்பாலானவை உணவுச் சட்டம் கேட்பவை. எடையளவுச் சட்டம் தனியாகக் கேட்கும்: தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் வருஷமும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். பொட்டலம் போடுகிறவர் என்று தொழிலாளர் துறையில் பதியவும் வேண்டும். மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை. சைவக் குறியான பச்சை வட்டம், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, இவையும் சேர்ந்தால் உன் பாக்கெட்டின் பின்பக்கம் நிரம்பிவிடும். அதனால்தான் சொல்கிறேன், சிலிண்டர் வெட்டி ஆயிரக்கணக்கில் அச்சடிக்காதே. முதல் ஆறு மாதத்துக்கு வெற்றுப் பை, மேலே ஸ்டிக்கர். தப்பிருந்தால் ஸ்டிக்கரோடு போகும்.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை மெஷின், இடம் இரண்டும் முடிவான பிறகு செய். 2020 ஜூலையிலிருந்து நடக்கிற பதிவு இது; ஆதாரும் பான் எண்ணும் போதும். காசு கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். அரசு முத்திரை மாதிரியே படம் போட்டு, ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிற தளங்கள் நிறைய உண்டு. கட்டணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. இந்தச் சான்றிதழால் உனக்கு வருகிற பெரிய நன்மை பாக்கி வசூல்தான். கடைக்காரர் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முறையிட வசதிக் குழு மதுரையிலேயே இருக்கிறது. சரக்குக் கொடுப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும், பில்லிலும் உத்யம் எண் இருக்கட்டும்.

உத்யமும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் கையில் இருந்தால் வங்கியில் தொழிலின் பெயரில் நடப்புக் கணக்கு திறக்கலாம். பொடி விற்ற ஒவ்வொரு ரூபாயும் அதற்குள் போகட்டும். உன் சொந்த ஜிபேயில் வாங்கி, அதிலேயே காய்கறியும் வாங்கினால், வருஷக் கடைசியில் லாபமா நஷ்டமா என்று உனக்கே தெரியாது, வருமான வரிக்காரருக்கும் சொல்ல முடியாது. சின்ன வியாபாரத்துக்கு வருமான வரியில் எளிய வழி உண்டு: விற்றுமுதலில் ரொக்கத்துக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிடலாம். அதற்காகவாவது தனிக் கணக்கு வேண்டும்.

ஜி.எஸ்.டி.யைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் பயமுறுத்துவார்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிறவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நீ இப்போதே பதிந்துகொண்டால் விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் பெங்களூரில் இருக்கிற உன் அண்ணியின் சிநேகிதிகளுக்குக் கூரியரில் அனுப்புவதாக எழுதியிருக்கிறாயே, அங்கேதான் கவனம். வேறு மாநிலத்துக்குப் பொருளை விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு தேவை. ஆகவே முதல் வருஷம் தமிழ்நாட்டைத் தாண்டாதே. பதிவு செய்யாதவரை பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு காசுகூட வசூலிக்காதே.

பெயரை வணிகமுத்திரைத் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு முடிவுசெய். மசாலாப் பொருள் 30-ஆம் வகுப்பு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையத்தில் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவாகிவிட்டால் பத்து வருஷம் செல்லும். பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக. பொட்டலம் கட்ட வருகிற பெண்களுக்கு உட்கார நாற்காலி போடு. கடைகளிலும் நிறுவனங்களிலும் அது 2021-லிருந்து இந்த மாநிலத்தில் சட்டம். சட்டமில்லாவிட்டாலும் போட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் மொத்தமாக முடித்துத் தருகிறேன் என்று பேக்கேஜ் சொல்கிற ஏஜெண்டிடம் ஆதார் ஓ.டி.பி.யைக் கொடுக்காதே. பதிவில் அவருடைய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் ஏறிவிட்டால், நோட்டீஸ் வரும்போது அது அவருக்குத்தான் போகும்.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். தோழியோடு உட்கார்ந்து பேசி, தனியாகவா கூட்டாகவா என்று முடிவெடுத்து, முடிவை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. பத்திரமோ கடன் சீட்டோ, வரைவு நான் போட்டுத் தருகிறேன். அதுவரை அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அத்தை