யாழ்ப்பாணத்துக் கூழும் நமது மரவள்ளியும்



லயத்துக்குப் பின்னால் நாலு மரவள்ளிக் கம்பு ஊன்றாத வீடு குறைவு. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பல உயிர்களைத் தாங்கியதும் இந்தக் கிழங்குதான். ஆனால் இதில் நஞ்சும் உண்டு. பச்சைக் கிழங்கை வெட்டினாலும் கடித்தாலும் சயனைட் உண்டாகிறது. தோலில் அது இன்னும் கூடுதல்.

யாழ்ப்பாணத்தில் ஒடியல் கூழ் காய்ச்சுவதைப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதன் மாவு கசக்கும், அப்படியே சாப்பிடக் கூடாது. அங்குள்ள அம்மாமார் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் தண்ணீரைப் பல தடவை ஊற்றிவிட்டுத்தான் கூழுக்குக் கரைப்பார்கள்.

மரவள்ளிக்கும் அதேதான், தண்ணீரைக் கொட்ட வேண்டும். மேல்தோலோடு தடித்த உள்தோலையும் உரியுங்கள். சின்னத் துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீர் விட்டு, சட்டியை மூடாமல் நன்றாக அவியுங்கள். நஞ்சில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கும், ஒரு பங்கு ஆவியோடு போகும். அவித்த தண்ணீரைக் குழம்புக்கு எடுக்காதீர்கள். பிள்ளைகள் முழுக் கிழங்கை நெருப்பில் சுட்டுத் தின்ன விடாதீர்கள். தோண்டிய கிழங்கை அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். உள்ளே நீலக்கோடு ஓடியிருந்தால் எறியுங்கள். மரவள்ளியோடு இஞ்சி ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இஞ்சியைத் தவிர்த்தாலும் அரைவேக்காட்டுக் கிழங்கு ஆபத்துதான்!

சாப்பிட்ட சில மணி நேரத்தில் தலைசுற்று, வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மரவள்ளி சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சமே போதும், நிலைமை மோசமாகிவிடும்.

சத்தைப் பார்த்தால், 100 கிராம் கிழங்கில் சுமார் 160 கலோரி இருக்கிறது. பசி அடங்கும். புரதமோ ஒன்றரை கிராம் அளவுதான். மலையில் கொழுந்து எடுக்கும் தாய்க்கும் வளரும் பிள்ளைக்கும் கிழங்கும் கட்டசம்பலும் எப்படிக் காணும்? யாழ்ப்பாணத்துக் கூழில் மரவள்ளி கொஞ்சம்தான். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை எல்லாம் கூடவே போகும். நண்டுக்கும் இறாலுக்கும் நாம் எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயம்தான். நெத்தலிக் கருவாடு, பருப்பு, முட்டை, கீரை, இவற்றில் ஒன்றாவது கிழங்கோடு இருக்கட்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைத் தேத்தண்ணி உடம்பில் சேர விடாது. ஆகவே தேத்தண்ணியை ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அடிக்கடி மரவள்ளி சாப்பிடும் வீட்டில் அயடினும் குறைந்தால் கழுத்தில் கழலை வரலாம். 1995 முதல் நம் நாட்டில் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டம். அந்த உப்பையே வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல், மூடியுள்ள போத்தலில் போட்டு வையுங்கள்.