வாடகை வீட்டுப் பழைய பெயிண்ட்: வீட்டுக்காரர் அறிய வேண்டியவை

நம்மில் பலர் கடைக்காரர் மட்டுமல்ல, வீட்டுக்காரரும்கூட. கீழே கடை, மேலே குடித்தனம் என்பது புதுவையில் நெடுநாள் வழக்கம். வியாபாரத்தில் மிச்சம் பிடித்து ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்போரும் உண்டு. அட்வான்ஸ், வாடகை, வீட்டு வரி எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் அந்த வீட்டின் கதவு, ஜன்னல்களில் உள்ள பழைய பெயிண்டில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பெயிண்டில் காரீயம்

ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு நினைவுக்கு வரும். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம். இங்கே சொல்வது காரீயம், அது நஞ்சு. மஞ்சள், ஆரஞ்சு நிறம் பளிச்சென்று இருக்கவும், பெயிண்ட் சீக்கிரம் காயவும், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவும் காரீயக் கலவைகளைச் சேர்த்து வந்தார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பற்றிப் பயமில்லை. கதவு, ஜன்னல், கிராதி, கைப்பிடிச் சுவர்க் கம்பி ஆகியவற்றில் பூசிய எனாமல் பெயிண்டில்தான் கவனம் வேண்டும்.

பெயிண்ட் எத்தனை ஆண்டு பழையதானாலும் காரீயம் அழிவதில்லை. கடற்காற்றின் உப்பிலும் ஈரத்திலும் பெயிண்ட் உரிகிறது. ஜன்னலைத் திறந்து மூடும்போது உராய்ந்து தூளாகிறது. தவழும் குழந்தை அந்தத் தூள் பட்ட கையை வாயில் வைக்கிறது. பெரியவர் உடம்பை விடச் சிறு குழந்தையின் உடம்பு 4 முதல் 5 மடங்கு காரீயத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. படிப்பும் கவனமும் குறைகின்றன. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது புதிய செய்தியும் அன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளில் உரிந்த பெயிண்டே குழந்தைகளின் நோய்க்குக் காரணம் என்று 1904-லேயே எடுத்துக் காட்டினார்.

மற்ற நாடுகளில் சட்டம்

பிரான்சில் குடியேறிய உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே 1949 ஜனவரி 1-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டால், பெயிண்டில் காரீயம் உள்ளதா என்ற ஆய்வு அறிக்கையை வாடகை ஒப்பந்தத்துடன் இணைக்க வேண்டும். 2008 ஆகஸ்ட் முதல் இது கட்டாயம். காரீயப் பெயிண்ட் உரிந்திருந்தால் சரிசெய்யும் பொறுப்பும் வீட்டுக்காரருடையது. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இதுபோன்ற விதி உண்டு. தமக்குத் தெரிந்ததை வீட்டுக்காரர் எழுத்தில் கொடுத்து, விளக்கப் புத்தகம் ஒன்றும் தர வேண்டும்.

நம் நாட்டு நிலை

வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016 நவம்பர் 1 அன்று விதி வெளியிட்டது. நம் வியாபாரக் கணக்கில் ஒரு டன்னுக்கு 90 கிராம். 2017 நவம்பர் 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 1 நம் புதுவை விடுதலை நாள். ஆகவே தேதி மறக்காது.

அதற்கு முன் கட்டாய வரம்பு கிடையாது. ஆக, பிரான்சுக்கு 1949, அமெரிக்காவுக்கு 1978 என்றால் நமக்கு 2017. வைசியாள் வீதியின் நூறாண்டு வீடு மட்டுமல்ல, 2010-ல் கட்டிய மாடிப் போர்ஷனும் கணக்கில் வருகிறது. ஆனால் குடிவருபவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நம்மிடம் சட்டம் இல்லை. 1969-ஆம் ஆண்டின் புதுச்சேரி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைப் பேசவில்லை. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்பதோடு நிற்கிறது.

எங்கள் தவறு

எங்கள் மாடியில் குடியிருந்த ஒரு குடும்பத்தின் சிறு பெண், ஜன்னல் கட்டையில் உரிந்த பெயிண்டைப் பிய்த்துக்கொண்டே இருப்பாள். தாயார் வந்து சொன்னதும் ஆள் அனுப்பினோம். அவர் உப்புத்தாள் போட்டு இரண்டு நாள் காய்ந்தபடியே தேய்த்தார். வீடெல்லாம் தூள்; குழந்தை அங்கேயே விளையாடியது. நல்லது செய்ததாகவே நினைத்தோம். விவரம் தெரிந்தபோது அவர்கள் வேலை மாற்றலில் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். டாக்டரிடம் காட்டி ரத்தத்தைச் சோதியுங்கள் என்று சொல்ல இன்று விலாசமும் இல்லை.

செய்ய வேண்டியவை

1. குடித்தனம் மாறும்போது கதவு, ஜன்னல், கிராதிகளைப் பார்வையிடுங்கள். உரிந்திருந்தால் அடுத்தவர் வருமுன் சரிசெய்யுங்கள்.

2. காய்ந்த பெயிண்டைத் தேய்க்கக் கூடாது. தீ காட்டி உரிக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத்துடனேயே தேய்க்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்க வேண்டாம்.

3. வேலை முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சுரண்டிய தூளை எரிக்காமல், கொல்லையில் கொட்டாமல், பையில் கட்டி அகற்றுங்கள். பெயிண்டர் கைகால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். அவர் வீட்டிலும் குழந்தைகள் உண்டு.

4. காரீய அளவு 90-க்கு மேல் இல்லை என்று டப்பாவில் அச்சிட்ட பெயிண்டையே வாங்குங்கள். இந்த வரம்பு வீட்டுப் பெயிண்டுக்கு மட்டுமே. இயந்திரங்களுக்கான பெயிண்ட் மிஞ்சியிருந்தால் வீட்டுக் கதவில் பூசாதீர்கள். பெயிண்ட் விற்கும் அங்கத்தினர்கள் லேபிள் இல்லாத சரக்கை இறக்க வேண்டாம்.

5. வாடகை ஒப்பந்தத்தில் இப்படி எழுதலாம்: "இவ்வீட்டின் கதவு ஜன்னல்களில் 2017-க்கு முந்தைய பெயிண்ட் உள்ளது. அதில் காரீயம் இருக்கக்கூடும். உரிந்தால் குடியிருப்பவர் உடனே தெரிவிக்க வேண்டும்; வீட்டுக்காரர் தம் செலவில் சரிசெய்து தருவார்."

இதை எழுதினால் ஆள் வரமாட்டாரே, வாடகையைக் குறைப்பாரே என்று தோன்றும். புளி வாங்க வருபவரிடம் இது பழசு, இது புதுசு என்று சொல்லித்தானே விற்கிறோம்? சொல்லி விற்பவர் கடைக்குத்தான் வாடிக்கை நிற்கிறது. சரக்குக்குக் காட்டும் நாணயத்தை நம்மை நம்பிக் குடிவரும் பிள்ளைகளுக்கும் காட்டுவோம். சட்டம் வரும்போது வரட்டும். அடுத்த ஒப்பந்தத்திலேயே அந்த வரிகளை எழுதுவோம்.