ஒயிட்ஃபீல்டின் வட்டத் தெரு

கேள்வி: வேலை நிமித்தம் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் குடியிருக்கிறோம். ஐ.டி. கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே ‘இன்னர் சர்க்கிள்’ பகுதியில் தெரு வட்டமாகச் சுற்றிவருகிறது. ஓரத்தில் சில பழைய ஓட்டு வீடுகள். வெள்ளைக்கார அதிகாரிகள் ஓய்வுக்காகக் கட்டியவை என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி

பதில்: இல்லை அம்மா. அதிகாரிகளுக்குக் கண்டோன்மென்ட் இருந்தது. இது ஆங்கிலோ இந்தியர்கள் விவசாயம் செய்து பிழைக்க உருவாக்கிய கிராமம். ரயில்வே, தந்தி என்று சம்பள வேலையையே நம்பியிருந்த சமூகம் அது. வேலைக்குப் போட்டி கூடிய காலத்தில், சொந்த நிலம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர் டி.எஸ். ஒயிட். மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் 1882இல் அவருடைய ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் வழங்கினார்.

கிராமத்தின் வரைபடத்தில் நடுவில் பொதுத் திடல், சுற்றிலும் வீட்டுமனைகள், அதற்கு அப்பால் விளைநிலம். நீங்கள் பார்த்த வட்டம் அந்த வரைபடத்தின் மிச்சம்தான். ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் குடும்பங்கள் வரவில்லை. அலுவலகத்தில் பழகிய கைகளுக்கு மானாவாரி விவசாயம் சுலபமாகவும் இல்லை. 1990களில் ஐ.டி. பார்க் வரும்வரை பென்ஷன்காரர்களின் அமைதியான ஊராகவே இருந்தது. இதற்கிடையே, இன்றைய ஜார்க்கண்டின் மெக்ளஸ்கிகஞ்சில் 1933இல் ஆங்கிலோ இந்தியர்கள் இதே கனவை மறுபடி கண்டார்கள். அங்கும் பலர் நிலைக்கவில்லை.

அடுத்த முறை அந்த ஓட்டு வீடுகள் பக்கம் போகும்போது ஜன்னல்களுக்கு மேலே பாருங்கள். மெல்லிய மரச்சட்டங்களை வரிசையாக அடித்து, முக்கோணக் கூரையாக முன்னே நீட்டியிருந்தால் அதுதான் பெங்களூரின் ‘மங்கி டாப்’. வெயிலையும் சாரலையும் தடுக்கும், காற்றை விடும். சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, சுவர் உப்புப் பூத்து உதிரும். பல பழைய வீடுகள் இப்படித்தான் வீணாகின்றன.

ஒரு வீடு இடிந்தால் இழப்புதான். அதைவிடப் பெரிய இழப்பு, மனைகளைச் சேர்த்து அடுக்குமாடி எழுப்பி அந்த வட்ட அமைப்பையே அழிப்பது. வீட்டுக்காரர்கள் அனுமதித்தால் படம் எடுங்கள், அறைகளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் பெங்களூரு கிளைக்குத் தெரிவியுங்கள். இடிக்கும் இயந்திரம் வந்த பிறகு செய்வதற்கு எதுவும் இருக்காது.